டர்னரைப் பார்த்து வரைதல்

நீர்வண்ணத்தில் வெள்ளைக்கென்று தனி வண்ணம் தேவைப்படுவதில்லை, காகிதம்தான் வெள்ளை. எண்ணெய் வண்ணத்தில் கருமைக்கு மேலேயே வெளிச்சத்தைப் பூசலாம், பிடிக்காவிட்டால் சுரண்டிவிட்டு மறுபடி தீட்டலாம். நீர்வண்ணத்தில் மேல் பூச்சின் வழியாகக் கீழ்ப் பூச்சு தெரியும், அதன் வழியாகக் காகிதமும் தெரியும். ஆகவே வெளிச்சம் விழும் இடங்களை ஆரம்பத்திலிருந்தே தொடாமல் விட்டுவைக்க வேண்டும். வெளிர் சாயலில் தொடங்கி, காயவிட்டு, அதன்மேல் அடுத்ததைப் பூசி, கடைசியில்தான் அடர்ந்த நிழல்களுக்குப் போக வேண்டும். எதை முதலில் பூசுவது, எப்போது காத்திருப்பது, எங்கே கையை எடுத்துவிடுவது என்ற வரிசை பிடிபட்டுவிட்டால் நீர்வண்ணத்தில் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

முடிந்த படத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அந்த வரிசை சுலபத்தில் புலப்படாது. அதே படத்தைத் தானும் ஒருமுறை வரைய உட்காரும்போதுதான், இந்த வானம் சுவருக்கு முன்பா பின்பா, இந்த ஜன்னல் விளிம்பில் தெரியும் வெளிச்சம் விட்டுவைத்ததா துடைத்தெடுத்ததா என்ற கேள்விகள் எழும். தேர்ந்த ஓவியரின் படத்தைப் பார்த்துப் பிரதி எடுக்கும் பயிற்சியின் முதல் பயன் இதுதான்.

பார்த்து எழுதுவதும் பார்த்து வரைவதும் பள்ளிக்கூடத்தில் கெட்ட பெயர் எடுத்தவை. ஆனால் குரு பாடியதை அட்சரம் பிசகாமல் திருப்பிப் பாடும் சீடனை யாரும் திருடன் என்று சொல்வதில்லை. ஐரோப்பிய ஓவியத்திலும் நெடுங்காலம் அதுவே வழக்கமாக இருந்தது. ஆங்கிலேய நீர்வண்ண மரபின் இரண்டு பெரிய ஓவியர்கள் இளவயதில் பிரதி எடுத்தே கை பழகியவர்கள். அதற்குக் கூலியும் வாங்கியவர்கள்.

1790களில் லண்டனில், தேம்ஸ் நதியைப் பார்த்தபடி இருந்த அடெல்ஃபி டெரஸ் என்ற வீட்டு வரிசையில் தாமஸ் மன்ரோ என்ற மருத்துவர் குடியிருந்தார். சென்னைத் தீவுத்திடல் பக்கம் அங்கவடியில்லாத குதிரைமேல் சிலையாக வீற்றிருக்கும் கவர்னர் மன்றோ வேறு ஆள். இந்த மன்ரோ, பெத்லெம் மனநல மருத்துவமனையின் மருத்துவர். படம் சேகரிப்பதில் பெரும் பித்து. குளிர்கால மாலைகளில் இளம் ஓவியர்களைத் தன் வீட்டுக்கு வரவழைத்து, தன்னிடம் இருந்த படங்களையும் இரவல் வாங்கிய படங்களையும் பார்த்து வரையச் சொன்னார். அப்படி வந்தவர்களில் இருவர் ஜோசப் மல்லோர்ட் வில்லியம் டர்னர், தாமஸ் கெர்ட்டின். இருவருமே 1775இல் பிறந்தவர்கள். மன்ரோ வீட்டுக்கு வரத் தொடங்கியபோது இருபது வயதுகூட ஆகவில்லை.

அவர்கள் அதிகமாகப் பிரதி எடுத்தது ஜான் ராபர்ட் கஸன்ஸ் என்பவரின் ஆல்ப்ஸ், இத்தாலிக் காட்சிகளை. கஸன்ஸ் மனநலம் குன்றி 1794 முதல் மன்ரோவின் பராமரிப்பில் இருந்தார், 1797இல் இறந்தார். ஓவியர் ஜோசப் ஃபாரிங்டன் 1798ஆம் ஆண்டு நாட்குறிப்பில் இந்த ஏற்பாட்டைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். மூன்று ஆண்டுகள், மாலை ஆறு மணி முதல் பத்து மணி வரை வேலை; கெர்ட்டின் கோடு வரைவார், டர்னர் வண்ணம் பூசுவார்; டர்னருக்கு ஓர் இரவுக்கு மூன்றரை ஷில்லிங்.

இந்த வேலைப் பிரிவினையை டர்னருக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும். கோட்டைப் பற்றிய கவலை இல்லாமல், ஒரே சாம்பல் நீலத்தை எத்தனை அடர்த்திகளில் பூசினால் மலை தூரம் போகும், எங்கே நிறுத்தினால் ஒளி நிற்கும் என்பதை மட்டும் இரவுக்கு இரவு பழகும் வாய்ப்பு எந்தப் பள்ளியிலும் கிடைத்திராது. கெர்ட்டின் 1802இல், 27 வயதில் இறந்துபோனார். அவர் உயிரோடு இருந்திருந்தால் தான் பட்டினி கிடந்திருக்க வேண்டியதுதான் என்று டர்னர் பிற்காலத்தில் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு.

மன்ரோ வீட்டுக்கு வருமுன்பே டர்னர் கட்டடம் வரையக் கற்றிருந்தார். கற்றுக்கொடுத்தவர் தாமஸ் மால்ட்டன்; லண்டன் தெருக்களையும் கட்டடங்களையும் பெர்ஸ்பெக்டிவ் பிசகாமல் வரைவதில் பேர்பெற்றவர். அந்தப் பாடம் வீண்போகவில்லை. 1807இல் ராயல் அகாடமி டர்னரைப் பெர்ஸ்பெக்டிவ் பேராசிரியராகவே நியமித்தது.

பயிற்சிக்குப் பழங்காலக் கட்டடப் படம் ஏன் ஏற்றது என்பதை மால்ட்டனின் மாணவரைப் பார்த்தே புரிந்துகொள்ளலாம். மரத்தின் கிளை ஒரு விரற்கடை இடம் மாறினாலும் அது மரம்தான். தூண் சாய்ந்தால் பார்ப்பவர் கண்ணில் உடனே பட்டுவிடும். வளைவின் இரு பக்கமும் ஒத்துவராவிட்டால் வரையத் தெரியாதவர்கூடச் சுட்டிக்காட்டிவிடுவார். கட்டடம் பிழையை மறைக்க இடம் கொடுக்காது. இன்னொரு வசதி, வெளிச்சம் படும் முகமும் நிழல் முகமும் கூர்மையான விளிம்பில் பிரிவதால் எந்த இடத்தில் எந்த அடர்த்தி என்று சந்தேகமில்லாமல் தெரியும். கட்டடம் பழையதாகவும் இருந்துவிட்டால் கறை, பாசி, சிதிலம், செடிகொடி என்று நீர்வண்ணம் தானாகவே செய்துதரும் விளைவுகளுக்கும் இடம் கிடைக்கிறது. புதிய கண்ணாடிக் கட்டடத்தில் அந்தச் சலுகை இல்லை.

எந்தப் படத்தை எடுத்துக்கொள்வது? தொடங்குபவருக்கு டர்னர் 1794இல் வரைந்த டின்டர்ன் அபே படம் ஒன்றைப் பரிந்துரைக்கலாம். லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கும் இந்தப் படம் ஏறத்தாழ 36 செ.மீ. உயரமும் 25 செ.மீ. அகலமும் கொண்டது. வேல்ஸின் எல்லையில், வை ஆற்றங்கரையில் 1131இல் நிறுவப்பட்ட சிஸ்டெர்சியன் துறவிகளின் மடம் அது. இன்று நிற்கும் தேவாலயம் 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுப்பப்பட்டது. 1536இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் மடம் கலைக்கப்பட்டது. கூரையில் வேய்ந்திருந்த ஈயம் பிடுங்கப்பட்டு, சுவர்களும் வளைவுகளும் மட்டும் நின்றன. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த இடிபாட்டைப் பார்க்கப் படகேறி வருவது நாகரிகமாகிவிட்டது. அதற்குத் தூபம் போட்டவர்களில் ஒருவரான வில்லியம் கில்பின், கட்டடத்தின் முக்கோண முகடுகள் ஒழுங்காக நின்று கண்ணை உறுத்துகின்றன என்றும், யாராவது சுத்தியலால் கொஞ்சம் உடைத்துவிட்டால் காட்சி அழகாகும் என்றும் அச்சிலேயே எழுதினார். இடிந்தது போதவில்லை என்று குறைப்பட்ட ரசிகர்!

டர்னர் உள்ளே நின்று, நடுக்கூடத்தின் பெரிய வளைவு வழியாகக் கிழக்குச் சாளரத்தைப் பார்த்து வரைந்திருக்கிறார். வளைவுகளில் கொடிகள் தொங்குகின்றன. கண்ணாடியெல்லாம் போய், நடுவில் மெல்லிய கல்தண்டு மட்டும் மிஞ்சிய சாளரத்தின் பின்னால் வானம். கீழே மிகச் சிறிய மனித உருவங்கள். பார்வை தரைக்கு அருகிலிருந்து மேலெழுவதால் வளைவுகள் இருப்பதைவிட உயரமாகத் தோன்றுகின்றன. நீலச்சாம்பல், பச்சை, மங்கிய மண்நிறம் என்று வண்ணங்கள் கொஞ்சமே. தொடங்குபவருக்கு இதுவே பெரிய சௌகரியம். வண்ணத்தைத் தேடி அலையாமல் அடர்த்தியில் மட்டும் கவனம் வைக்கலாம்.

மாறாக, ஜான் சிங்கர் சார்ஜென்ட் வரைந்த வெனிஸ் படங்களைத் தொடக்கத்தில் தொடாமல் இருப்பது நல்லது. 1904இல் அவர் வரைந்த சாந்தா மரியா டெல்லா சலூத்தே தேவாலயம் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்க்க அலட்சியமாக வீசிய தூரிகை போலத் தெரியும். ஒவ்வொரு வீச்சும் பல ஆண்டுப் பழக்கத்தில் வந்தது. மேலோட்டமாகப் பிரதி எடுத்தால் அலட்சியம் மட்டும்தான் கையில் வரும்.

சாமான்கள் அதிகம் வேண்டாம். காகிதத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. 300 ஜிஎஸ்எம் கனமுள்ள, முடிந்தால் முழுப் பருத்தியில் செய்த நீர்வண்ணக் காகிதம் வேண்டும். பள்ளி டிராயிங் நோட்டுத் தாளில் இரண்டாவது பூச்சிலேயே தாள் நெளியும், மூன்றாவதில் உரியும். கற்பவர் தன் கையைக் குறைசொல்லிக்கொண்டு கிடப்பார், குற்றம் தாளின்மேல் இருக்கும். டர்னர் காலத்து ஓவியர்களுக்கு வாட்மன் ஆலையின் கெட்டியான, வரியில்லாத காகிதம் கிடைத்தது. ஈரத்தைத் தாங்கி, துடைத்தாலும் சுரண்டினாலும் பொறுத்துக்கொள்ளும் அந்தத் தாள் இல்லாவிட்டால் ஆங்கிலேய நீர்வண்ணம் அந்த அளவுக்கு வளர்ந்திருக்காது.

வண்ணங்களில் யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரைன், பிரஷ்யன் ப்ளூ ஆகிய நான்கு போதும். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் அருமையான சாம்பல் நிறம். நீலம் கூடினால் குளிர்ந்த நிழல், காவி கூடினால் வெதுவெதுப்பான கல். பிரஷ்யன் ப்ளூவும் ஓக்கரும் கொடிகளுக்கான பச்சையைத் தரும். பெட்டியில் இருக்கும் கறுப்பை எடுத்து ஓரமாக வைத்துவிடலாம். தூரிகையில் ஒன்று பெரியது, ஒன்று நுனி கூர்மையானது, ஒன்று பழைய தட்டை பிரஷ். இரண்டு டப்பாத் தண்ணீர்: ஒன்று பிரஷ் கழுவ, ஒன்று வண்ணம் கலக்க. ஒரே டப்பாவில் இரண்டு வேலையும் செய்தால் கால்மணி நேரத்தில் எல்லா வண்ணமும் ஒரே அழுக்கில் வந்து நிற்கும்.

மூலப் படத்தைக் கைபேசித் திரையில் பார்த்து வரைவது சரிவராது. திரை உள்ளிருந்து ஒளிர்வதால் வெளிர் சாயல்கள் எல்லாம் வெள்ளையாகத் தெரியும். டேட் தன் இணையதளத்தில் படங்களை வெளியிட்டிருக்கிறது. மினுக்கில்லாத தாளில் நல்ல அச்சு ஒன்று எடுத்துக்கொள்வதே உத்தமம்.

முதல் வேலை கோடு. ஐந்துக்கு நான்கு என்ற விகிதத்தில் குறைத்தால் 36க்கு 25 செ.மீ. படம் 28.8க்கு 20 ஆகி, ஏ4 தாளுக்குள் அடங்கிவிடும். அச்சுப் படியை மூல அளவில் எடுத்து, அதன்மேல் 5 செ.மீ. கட்டம் போட்டு, தன் தாளில் 4 செ.மீ. கட்டம் மெலிதாகப் போட்டுக்கொண்டால் விகிதம் தப்பாது. டிரேசிங் தாள் வைத்து எடுக்கலாமா என்றால், எடுக்கலாம், குற்றமில்லை. ஆனால் கட்டம் போடும்போது வளைவின் உச்சி எந்தக் கட்டத்தில் எந்த இடத்தில் விழுகிறது என்று கண் அளக்கிறது. டிரேசிங்கில் கை மட்டுமே நகர்கிறது. வண்ணப் பயிற்சி மட்டும் போதும் என்கிறவர் டிரேஸ் செய்துவிட்டு மேலே போகலாம்.

கட்டம் போட்டபின் கண்மட்டக் கோட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். நின்று பார்ப்பவரின் கண் உயரத்தில் படத்தின் குறுக்கே ஓடும் கற்பனைக் கோடு அது. தரையில் நிற்கும் மனித உருவங்களின் தலைகள் அதற்கு நல்ல துப்பு. இந்தப் படத்தில் அது அடிப்பகுதியில் இருக்கிறது. அதற்கு மேலே உள்ள கிடைக்கோடுகள் எல்லாம் தூரம் போகப்போகக் கீழிறங்கி, அந்தக் கோட்டின்மேல் ஓரிடத்தில் போய்ச் சேரும். தூண் தலைகள், சாளரத்தின் அடிக்கட்டை, சுவரின் நெடுகிலும் ஓடும் பட்டை ஆகியவற்றை ஸ்கேல் வைத்து மெலிதாக நீட்டிப் பார்த்தால் அந்த இடம் தெரிந்துவிடும். ஒருமுறை தெரிந்தபின் ஸ்கேலைத் தூரப் போட்டுவிட்டுக் கையாலேயே வரைய வேண்டும். ஸ்கேல் வைத்து இழுத்த கோட்டில் பல நூற்றாண்டுப் பழமை நிற்காது.

கூர்முக வளைவுதான் எல்லோரும் தடுமாறும் இடம். நேரே பார்க்கும்போது அது இரண்டு வட்டத் துண்டுகள் சந்திப்பது. வளைவு தொடங்கும் மட்டத்தில் இரண்டு மையங்கள் வைத்து காம்பஸால் போட்டுவிடலாம். பக்கவாட்டில் திரும்பியிருந்தால் அருகிலுள்ள பாதி அகலமாகவும் தூரத்துப் பாதி குறுகலாகவும் தெரியும். உச்சி நடுவில் இருக்காது. இதைச் சரியாகப் பிடிக்க, வளைவை ஒரு செவ்வகப் பெட்டிக்குள் அடைத்து, அந்தப் பெட்டியை முதலில் பெர்ஸ்பெக்டிவில் வரைந்து, மூலைக்கு மூலை இரண்டு கோடு இழுத்தால் அவை வெட்டும் இடத்துக்கு நேர்மேலே உச்சி விழும். மால்ட்டன் காலத்தில் பழக்கியதும் இந்த மாதிரி உபாயங்களைத்தான்.

பென்சில் அழுந்தக் கூடாது. ரப்பரை அழுத்தித் தேய்க்கவே கூடாது. காகிதத்தின் மேலுள்ள பசைப்பூச்சு தேய்ந்த இடத்தில் வண்ணம் திட்டாக உறிஞ்சப்பட்டுக் கறைபோல நிற்கும்.

வண்ணத்தைத் தொடுமுன் சிறு தாளில் ஒரே நிறத்தில், உள்ளங்கை அளவில், படம் முழுவதையும் ஒருமுறை பூசிப் பார்ப்பது நல்லது. வெள்ளை, வெளிர், நடுத்தரம், கருமை என நான்கே அடர்த்திகள். டின்டர்ன் படத்தை இப்படிச் சுருக்கினால் ஓர் உண்மை தெரியும்: அருகில் உள்ள வளைவு அடர்த்தி, அதற்குப் பின்னால் உள்ள சுவர் நடுத்தரம், கிழக்குச் சாளரம் வெளிர், வானம் எல்லாவற்றையும்விட வெளிர். ஆழம் என்ற மாயம் முழுவதும் இந்தப் படிக்கட்டில்தான் இருக்கிறது. கொடியும் கல்லும் பிறகு சேர்ந்தவை.

இனி பூச்சு. 1790களின் ஓவியர்கள் ஒரு சாயலைக் கலக்கி, படத்தில் எங்கெல்லாம் அந்த அடர்த்தி வேண்டுமோ அங்கெல்லாம் ஒரே மூச்சில் பூசுவார்கள். அது காய்ந்ததும் அடுத்த அடர்த்தி. ஒரு மூலையில் தூணை முடித்துவிட்டு அடுத்த மூலைக்குப் போகும் பழக்கம் அவர்களிடம் இல்லை. புதிதாகப் பழகுகிறவர்கள் செய்வதெல்லாம் அதைத்தான். பிடித்த இடத்தை முதலில் முடித்துவிடுகிறார்கள், மீதிப் படம் அதற்கு ஒத்துவராமல் திண்டாடுகிறது.

பலகையைச் சற்றுச் சாய்வாக வைத்து, வெளிர் ஓக்கரை நிறையத் தண்ணீரில் கலந்து, கல் வரும் இடமெல்லாம் மேலிருந்து கீழாக இழுக்க வேண்டும். தூரிகையின் கீழ் ஓரத்தில் எப்போதும் ஒரு துளி திரண்டு நிற்க வேண்டும்; அந்தத் துளியைத்தான் கீழே கீழே நகர்த்திக்கொண்டு போகிறோம். துளி வற்றினால் பட்டை விழும். அடியில் வந்து சேர்ந்ததும் பிழிந்த பிரஷ் நுனியால் மிச்ச ஈரத்தை எடுத்துவிட வேண்டும். வானத்துக்கு நீலத்தின் மிக மெல்லிய பூச்சு. மேகத்தின் வெள்ளை காகிதத்தின் வெள்ளையே. கல்லில் நேரடி வெளிச்சம் படும் விளிம்புகளில் வண்ணமே படக்கூடாது.

காயும்வரை காத்திருப்பதுதான் மிகப் பெரிய சோதனை. புறங்கையைத் தாளுக்கு அருகே வைத்துப் பார்த்துக் குளிர்ச்சியாக இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள். சென்னையின் ஐப்பசிப் புழுக்கத்தில் ஒரு பூச்சு காய நெடுநேரம் ஆகும். மதுரைச் சித்திரை வெயிலில் வானம் பாதி பூசுவதற்குள் மறுபாதி காய்ந்து கோடு விழுந்துவிடும். அங்கே தாளை முன்கூட்டியே நனைத்துக்கொள்ள வேண்டும், ஃபேனை அணைத்துவிட வேண்டும்.

இரண்டாவது சாயல், தூரத்துச் சுவர்களின் நிழல். மூன்றாவது, அருகிலுள்ள வளைவின் உட்புறம். நிழலைத் துண்டு துண்டாகப் பூசாமல், தூணிலிருந்து வளைவுக்கும் வளைவிலிருந்து சுவருக்கும் ஒரே ஓட்டமாக இணைத்துப் பூச வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஓரிடத்தில் காவியையும் இன்னோரிடத்தில் நீலத்தையும் தொட்டுவிட்டால் அவை தாமாகக் கலந்து கல்லின் தன்மையைக் கொண்டுவரும். கலந்தபின் பிரஷால் கிளறக் கூடாது.

சாளரத்தின் கல்தண்டை எப்படி வரைவது? அதை வரைவதே இல்லை. அதன் இரு பக்கத்து வானத்தையும் பின்னணியையும் பூசி, நடுவே மெல்லிய கீற்றாக விட்டுவைத்து, கடைசியில் ஒரு பக்கத்தில் மட்டும் நிழல் கொடுத்தால் தண்டு தானே எழுந்து நிற்கும். பழைய கட்டட ஓவியங்களில் பிரமிக்க வைக்கும் நுணுக்கங்களில் பல இப்படிப் பின்னணியைப் பூசிப் பெற்றவை. பிரதி எடுத்துப் பார்க்காதவருக்கு இது லேசில் தோன்றாது.

கொடிகள் கடைசியில். தட்டை பிரஷை ஏறக்குறைய வறண்ட நிலையில் தாளின் சொரசொரப்பின்மேல் இழுத்தால் இலைக்கூட்டம் உடைந்து உடைந்து விழும். கொத்தின் ஓரத்தில் ஐந்தாறு இலைகளைக் கூர்நுனியால் போட்டால் மீதியைப் பார்ப்பவர் கண்ணே போட்டுக்கொள்ளும். அதற்குப் பிறகு சாளரத்தின் அடி, தூண் மூலை, உருவங்களின் காலடி என்று நாலைந்து இடங்களில் மிக அடர்ந்த புள்ளிகள். அதோடு பிரஷைக் கீழே வைத்துவிட வேண்டும்.

பழகுபவர் படத்தில் இரண்டு குறைகள் அடிக்கடி வரும். ஒன்று, காய்ந்தும் காயாத பூச்சின்மேல் தண்ணீர் மிகுந்த பிரஷ் பட்டு, விளிம்பு நெளிந்த கறை விரிவது. உடனே ஒற்றி எடுக்கப் பார்த்தால் இன்னும் கெடும். காயவிட்டுவிட வேண்டும், இடிபாட்டுச் சுவரில் அது பாசியாக மாறிவிடவும் வாய்ப்பு உண்டு. இரண்டாவது, வண்ணம் சேறாவது. மூன்று நான்கு வண்ணங்களைக் கலந்து, காயுமுன் பூசிப் பூசிக் கிளறினால் ஒளி செத்துவிடும். அதற்கு வைத்தியம் கிடையாது. புதுத் தாள் எடுக்க வேண்டியதுதான்.

மூலத்தின் நிறத்தை நூறு சதவீதம் பிடிக்க வேண்டும் என்று மெனக்கெடுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இருநூறு ஆண்டு கடந்த நீர்வண்ணப் படங்கள் பல, வரைந்த அன்றிருந்த நிறத்தில் இன்று இல்லை. அன்றைய ஓவியர்கள் அவுரி நீலத்தையும் இந்தியச் சிவப்பு என்ற காவியையும் கலந்து சாம்பல் மேகம் பூசினார்கள். வெளிச்சம் பட்டுப் பட்டு அவுரி வெளுத்துப்போக, காவி மட்டும் நின்று மேகங்கள் செந்நிறமாகிவிட்டன. பச்சைக்குக் கலந்த சில மஞ்சள்களும் இப்படியே மறைந்தன. ரசல் என்ற வேதியியலாளரும் ஆப்னி என்ற படைக் கேப்டனும் வண்ணங்களை வெயிலில் வைத்துச் சோதித்து இதைப் பற்றி 1888இல் அறிக்கை கொடுத்தார்கள். இப்போது அருங்காட்சியகங்கள் நீர்வண்ணப் படங்களை இருட்டறைப் பெட்டிகளில் வைத்து அரிதாகவே காட்சிக்கு எடுக்கின்றன. ஆகவே பழைய படத்தில் இளஞ்சிவப்பு வானத்தைக் கண்டால் அது மாலை வெயிலா, வெளுத்த அவுரியா என்று யோசிக்க வேண்டும். அடர்த்திப் படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நிறத்தில் கொஞ்சம் தாராளமாக இருப்பதே புத்திசாலித்தனம்.

பிரதி எடுப்பதில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. 1857இல் ஓவியப் பாடநூல் ஒன்றை வெளியிட்ட ஜான் ரஸ்கின், டர்னரின் தீவிர பக்தர். அவருடைய பாடம் ஒரு சதுரத்துக்குள் பேனாக் கோடுகளால் ஒரே சீரான சாயலைக் கொண்டுவருவதில் தொடங்குகிறது. டர்னரின் அச்சுப்படங்களைப் பார்த்து வரைவதும் அதில் வருகிறது. முழுப் படத்தைத் தோராயமாக எடுப்பதைவிட, கையளவு பகுதியை உயிரைக் கொடுத்துச் செய்வது மேல் என்ற போக்கு ரஸ்கினுடையது. அது பொறுமைசாலிகளுக்கு. எதிர்த் திசையில், 19ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்து அரசு ஓவியப் பள்ளிகள் பிரதி எடுப்பதையே மாதக்கணக்கில் நீட்டி, சாரமற்ற சடங்காக்கின. 1850இல் அலெக்சாண்டர் ஹன்ட்டர் என்ற மருத்துவர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளிக்கு 1884இல் தலைமையேற்க வந்த ஈ.பி. ஹாவெல், இந்திய மாணவர்களை ஐரோப்பிய மாதிரிகளைப் பார்த்து வரைய வைக்கும் முறையைப் பிற்காலத்தில் கடுமையாகச் சாடினார். அவர் கோபம் நியாயமானது. எதற்காகப் பார்த்து வரைகிறோம் என்பது தெரியாவிட்டால் அது வெறும் நகல்.

டின்டர்ன் கைவந்தபின் தமிழ்நாட்டுக் கட்டடங்களுக்கு வர நினைப்பவருக்கு நல்ல பாலம் தாமஸ் டேனியல், அவர் சகோதரரின் மகன் வில்லியம் டேனியல் இருவரின் படங்கள். 1785இல் கப்பலேறியபோது வில்லியம் பதினாறு வயதுப் பையன். பெரியவரின் வேலையைக் கூட இருந்து செய்தே ஓவியரானவர். 1792–93இல் இருவரும் சென்னையிலிருந்து தெற்கே பயணம் செய்து மதுரை, தஞ்சாவூர், மாமல்லபுரம் என்று பல ஊர்களை வரைந்தார்கள். கட்டட அளவு தப்பாமலிருக்க, வெளிக்காட்சியைத் தாளின்மேல் விழச் செய்யும் கேமரா அப்ஸ்கியூரா பெட்டியையும் பயன்படுத்தினார்கள். லண்டன் திரும்பி 1795 முதல் 1808 வரை 'ஓரியன்டல் சீனரி' என்ற பெயரில் 144 படங்களை வெளியிட்டார்கள். திருமலை நாயக்கர் அரண்மனையும் தஞ்சைப் பெரிய கோயிலும் அவற்றில் உண்டு.

அந்தப் படங்கள் அச்சிட்ட முறை கற்பவருக்கு ஒரு வரப்பிரசாதம். செப்புத் தகட்டில் அமிலம் கொண்டு அடர்த்தி அடர்த்தியாக அரித்து எடுத்த சாயல்களை முதலில் அச்சிட்டு, அதன்மேல் கையால் மெல்லிய நீர்வண்ணம் பூசினார்கள். நிழல் தனி, நிறம் தனி. முதலில் முழுப் படத்தையும் சாம்பலில் முடித்து, காய்ந்தபின் மேலே நிறம் கொடுத்தால் டேனியல் படத்தின் தோற்றம் அப்படியே வந்துவிடும்.

தஞ்சை விமானம் டின்டர்னிலிருந்து வேறொரு பிரச்சினையை எழுப்பும். பதின்மூன்று நிலைகள் மேலே போகப்போகக் குறுகுகின்றன, ஒவ்வொன்றிலும் சிற்பம். அத்தனையையும் வரையப் புகுந்தால் விமானம் எறும்புப் புற்றாகிவிடும். ஆகவே கூம்பு முழுவதையும் ஒரே பொருளாகக் கருதி வெயில் முகம், நிழல் முகம் என்று இரண்டாகப் பிரித்துப் பூச வேண்டும். பிறகு நிலைகளைப் பிரிக்கும் கிடை நிழல்கள். சிற்பங்களில் ஓரத்தில் வானத்தைத் தொடுபவற்றை மட்டும் தெளிவாகக் காட்டி, நடுவில் உள்ளவற்றை இரண்டு மூன்று புள்ளிகளால் சொல்லிவிடலாம். வெயிலும் வேறு. டின்டர்னில் மங்கிய பக்கவெளிச்சம். இங்கே உச்சிவெயில் கொடுங்கைகளுக்கு அடியில் குட்டையான, கறுத்த நிழல்களை வெட்டும். வெயில் முகத்தில் ஒரே ஒரு வெளிர் பூச்சுக்கு மேல் போகாமல் இருந்தால்தான் கல் சுடுவது தெரியும். சிற்ப நுணுக்கமே வேண்டும் என்பவர்கள் நீர்வண்ணத்தை விட்டுவிட்டு, ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' வரைந்த சில்பியின் கோடுகளைப் பார்த்துப் பழகலாம்.

பிரதியில் கையெழுத்திடும்போது 'டர்னரைப் பார்த்து', 'டேனியலைப் பார்த்து' என்று சேர்த்து எழுதுவது மரபு. பாரிஸ் லூவரில் உட்கார்ந்து பிரதி எடுக்க அனுமதி பெறுவோர் மூலத்தின் அளவிலேயே வரையக் கூடாது என்று விதியே இருக்கிறது. பிரதி பிறகு மூலமென்று விலைபோய்விடக் கூடாதே. டர்னர் 1851இலும், வில்லியம் டேனியல் 1837இலும், தாமஸ் டேனியல் 1840இலும் இறந்தவர்கள் ஆதலால் அவர்கள் ஓவியங்களுக்குப் பதிப்புரிமைத் தடை ஏதும் இல்லை. இன்று வாழும் ஓவியர்களின் படங்களைப் பயிற்சிக்காக வரைந்து வீட்டில் வைத்துக்கொள்ளலாம். விற்கவோ போட்டிக்கு அனுப்பவோ கூடாது.

ஒரே படத்தை இரண்டாவது முறை வரையும்போது மூலத்தை மூடிவைத்துவிட்டு, முதல் பிரதியையும் பார்க்காமல், சிறிய அடர்த்தி வரைவை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது பலன் தரும். எது மனத்தில் நின்றது, எது நிற்கவில்லை என்பது அப்போது தெரியும். அடுத்த கட்டமாக, ஊரில் உள்ள பழைய மண்டபத்தையோ தேவாலயத்தையோ தேடிப் போய், தரைக்கு அருகில் கண்மட்டம், நான்கு அடர்த்தி, கடைசியில் கருமை என்ற அதே திட்டத்தில் ஒரு படம் வரையலாம். காலை ஒன்பது மணிக்கு முன்போ மாலை நான்கு மணிக்குப் பின்போ போனால் நிழல் நீளமாகக் கிடைக்கும். உட்கார்ந்ததும் நிழல்களின் எல்லையைப் பென்சிலால் குறித்துவிட வேண்டும், ஏனென்றால் ஒரு மணி நேரத்தில் அவை இடம் மாறிவிடும்.